அரைக் கட்டை

எனக்கு 13 வயதில் குரல் இறங்கியது. பையன்களுக்குத்தான் குரல் உடையும் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. பெண்களுக்கும் அந்த வயதில் குரல் சற்றுக் கீழிறங்கும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குச் சற்றல்ல, நன்றாகவே இறங்கியது. ஸ்ரீரங்கத்தில் நான் போய்க்கொண்டிருந்த பாட்டு வகுப்பில் சுருதிப்பெட்டி ஐந்தரைக் கட்டையில் இருக்கும். பெண்பிள்ளைகள் என்றால் அதுதான் கணக்கு. சுருதி மூன்று கட்டையைத் தாண்டினாலே எனக்கு மேல்ஸ்தாயியில் குரல் கீறிக்கொள்ளும். 1993 மார்கழியில் தெருவில் திருப்பாவை பாட எங்களைத் தயார் செய்தபோது டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீயும் வந்து நின்னுக்கோ கண்ணு, உதட்ட மட்டும் அசை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னார்: "ஆம்பளைக் குரலா இருக்குதும்மா. தொண்டைக்கட்டா என்னன்னு டாக்டர்கிட்ட காட்டுங்க."

அந்த மார்கழி முழுக்க விடிகாலைப் பனியில் நின்று உதட்டை அசைத்தேன். பகல் பத்தின் கடைசி நாள் ரங்கநாதர் நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளினார். ஆண் தெய்வம் பட்டும் நகையுமாகப் பெண்ணாகி வரும் அந்த ஒரு நாளுக்கு எவ்வளவு கூட்டம் கூடும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அரையர்கள் தாளம் தட்டிப் பாசுரம் சேவித்தார்கள். அரையர் சேவை ஆண்களுடையது. ஆண்டாளின் பாசுரமே ஆனாலும் அங்கே அது ஆண் குரலில்தான் ஒலிக்கும். அதில் எதுவும் அப்போது எனக்கு உறுத்தவில்லை. என் தொண்டை மட்டும்தான் உறுத்தியது.

பெரியம்மா வீடு தில்லைநகரில் இருந்தது. பெரியம்மா மகன், என் அண்ணன், துவாக்குடி ஆர்.இ.சி.யில் படித்துக்கொண்டிருந்தான். இன்றைய என்.ஐ.டி. அங்கே பாதி இடம் வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு. விடுதியில் அவன் அறைக்குப் பக்கத்து அறையில் ஷில்லாங் பையன், எதிரறையில் பெங்களூர் பையன். திருச்சிக் கடைகளில் கிடைக்காத கேசட்டுகள் அவர்களுடைய பெட்டிகளில் வந்து இறங்கின. சனிக்கிழமைகளில் அண்ணன் அவற்றைப் பதிந்துகொண்டு வீட்டுக்கு வருவான். மாடி அறையில் நண்பர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு கேட்பான். நான் காபி கொண்டுபோவேன். அங்கேயே நின்றால், "இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேலை?" என்பான். ஹெவி மெட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை என்று அவனுக்கே பெருமை.

ஈ நின்றது. அப்படி நின்றுதான் மும்பையின் ராக் மெஷினைக் கேட்டேன். வெளிநாட்டுப் பாட்டுகளை அப்படியே வாசித்துக் காட்டுவதுதான் இங்கே ராக் குழுக்களின் வேலை என்றிருந்த காலத்தில், சொந்தமாகப் பாட்டெழுதி 1988இல் 'ராக் அண்ட் ரோல் ரெனகேட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டவர்கள் அவர்கள். பிறகு இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அலகாபாத்திலிருந்து வந்த 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையைப் பற்றியும் அங்கேதான் கேள்விப்பட்டேன். 1993இல் அமித் சைகலும் ஷேனா கமாத்தும் சேர்ந்து தொடங்கியது. அண்ணனின் வாயில் அமித் என்ற பெயர்தான் வரும். ஷேனா என்று ஒருத்தி அதில் பாதி என்பது எனக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்தக் குவியலில் 90 நிமிட டி.டி.கே. கேசட் ஒன்று இருந்தது. அட்டையில்லை. உள்காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவில் 'சேஸ்டெய்ன்' என்று ஒரே ஒரு சொல். அமெரிக்காக்காரன், பேர் டேவிட் சேஸ்டெய்ன், பயங்கரமாகப் பாடுவான் என்றான் அண்ணன். கிடார் வேகமாக ஓடும், முரசு இடிக்கும், ஆனால் அந்த இடிக்கு நடுவில் ஒரு மெட்டு பிடிபடாமல் போகாது. இரண்டு தரம் கேட்டால் முணுமுணுக்கலாம். மெலடிக் மெட்டல் என்று இதைத் தனியாகப் பிரிப்பது அதனால்தான். எனக்கு கிடார் முக்கியமாகப் படவில்லை. அந்தக் குரல்தான். கரகரத்து, அடிவயிற்றிலிருந்து எழுந்து, ஏறும் இடத்தில் கீறிக்கொண்டே ஏறும் குரல். கீறலைக் குறையாக நினைக்காத குரல். என் தொண்டையில் எது நோய் என்று சொல்லப்பட்டதோ அது அங்கே பாட்டாக இருந்தது.

மறு வருஷம் அண்ணன் புது டேப் ரிக்கார்டர் வாங்கியபோது பழையதை என்னிடம் தள்ளிவிட்டான். அந்தக் கேசட்டும் கூடவே வந்தது. எங்கள் வீடு வடக்கு அடையவளஞ்சானில் இரண்டு அறை வீடு. சத்தமாகப் பாட இடமில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு மாலை கிரைண்டர் ஓடும். உளுந்தைத் தள்ளிவிட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என் வேலை. கல் சுற்றும் அந்த ஒரே சீரான இரைச்சல்தான் எனக்குச் சுருதிப்பெட்டி. டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் பாதி புரியாமல், அந்த 'ஆம்பளை'யோடு சேர்ந்து பாடினேன். என் குரல் அவன் குரலில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அப்படியானால் டீச்சர் சொன்னது உண்மைதான், என்னுடையது ஆண் குரல்தான் என்று முடிவுசெய்தேன். எனக்கு அதில் வருத்தமும் இருந்தது, ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது.

பிறகு தமிழ் படித்தேன். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அகப்பாடல்களில் கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று சங்கப் பாடல்களில் பேசுகிற பெண்களில் பெரும்பாலோரைப் பேசவைத்தவர்கள் ஆண் புலவர்கள். பின்னால் நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆகிறார், திருமங்கை ஆழ்வார் பரகால நாயகி ஆகிறார். இதையெல்லாம் 20 வருஷமாக வகுப்பில் நடத்துகிறேன். ஆண் பெண் குரல் எடுத்தால் நம் மரபில் அதற்கு நாயகி பாவம் என்று பெயர். பெண்ணுக்கு ஆண் குரல் வந்தால் தொண்டைக்கட்டு என்று பெயர். முதலாவதற்கு உரை எழுதுவார்கள், இரண்டாவதற்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். கங்குபாய் ஹங்கலின் அந்தக் கனத்த குரலைக் கேட்டபோதுகூட, அது ஒரு மேதைக்குக் கிடைத்த விதிவிலக்கு என்றே நினைத்துக்கொண்டேன். அந்தச் சலுகை எனக்கும் உண்டு என்று தோன்றவில்லை. கவிதை எழுதினேன். வாசிக்கக் கூப்பிட்டால், மைக்கை விட்டுத் தள்ளி நின்று, இல்லாத உயரத்துக்குக் குரலை ஏற்றி வாசித்தேன்.

போன கோடையில் பெரியம்மா வீட்டை இடித்து அடுக்ககம் கட்டக் கொடுத்தார்கள். பரணைக் காலி செய்யப் போனேன். கல்யாணமாகிப் போனபோது நான் அங்கே போட்டுவிட்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் டேப்பும் கேசட்டும் இருந்தன. பெரிய கடை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் பழைய ரேடியோ பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கொண்டுபோனேன். திறந்து பார்த்து, "பெல்ட்டு தொய்ஞ்சி போச்சு மேடம். இது ரொம்ப நாளாவே தொய்வாத்தான் ஓடிருக்கும்" என்றார். புது ரப்பர் பெல்ட் மாட்டி, வேகத்தைச் சரிசெய்து, கேசட்டைப் போட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"லேடீஸ் வாய்ஸா மேடம்?"

"இல்லீங்க, ஆம்பளை" என்றேன். 30 வருஷ நிச்சயத்தோடு.

"நல்லாக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதில் நூற்றுக்கு ஆறு குறைந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். தொய்ந்த பெல்ட்டில் அந்தக் குரல் அரைக் கட்டையாவது இறங்கித்தான் எங்களிடம் வந்திருக்கிறது. இப்போது தன் இடத்துக்கு ஏறி உட்கார்ந்ததும், அதே கரகரப்பும் அதே கீறலுமாக ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவுதான் முதல்முறையாகத் தேடினேன். அதுவரை தேட வேண்டும் என்றே தோன்றாதது எப்படி என்று இப்போதும் புரியவில்லை. டேவிட் சேஸ்டெய்ன் கிடார்க்காரர். குழுவுக்கு அவர் பெயர். பாடியவள் பெயர் லெதர் லியோன். அதற்குமுன் ரூட் கேர்ள் என்ற பெண்கள் மட்டுமே கொண்ட குழுவில் இருந்தவள். என் கேசட்டின் ஒரு பக்கம் 1986இல் வந்த 'ரூலர் ஆஃப் த வேஸ்ட்லேண்ட்', மறுபக்கம் 1988இல் வந்த 'த வாய்ஸ் ஆஃப் த கல்ட்'. முதல் ஆல்பங்களை வெளியிட்ட ஷ்ராப்னெல் நிறுவனம் வேக கிடார்க்காரர்களைக் கண்டெடுப்பதற்கே பெயர்போனது. அங்கே கிடார்தான் மாப்பிள்ளை, குரல் கூட வந்த சொந்தம். 1990 ஆல்பத்துக்குப் பிறகு அவள் இருபது வருஷத்துக்கும் மேல் பாட்டை விட்டே விலகியிருந்தாள். 2010க்குப் பிறகு திரும்பி வந்து, தன் பெயரிலேயே ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கவனிக்கப்படாமல் போன எண்பதுகளின் மெட்டல் ஆல்பங்களை இப்போது தேடித்தேடி மீட்கிறார்கள், மறுபதிப்பு செய்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அவர்கள் எழுதுவதை நிறையப் படித்தேன். கிடாருக்குப் பத்தி பத்தியாகப் பாராட்டு. அவளுக்கு ஒரு வரி: பெண் என்றே தெரியாத அளவுக்குப் பாடுகிறாள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். என் டீச்சர் அம்மாவிடம் சொன்னதும் இதே வாக்கியம்தான். ஓர் ஆல்பத்தை மீட்டெடுக்கும்போதே அதிலுள்ள பெண்ணை மறுபடியும் பரணில் போட முடியும். சுவடியில் பாட்டு தப்பிப் பிழைத்துவிடும், பாடியவள் பெயர் செல்லரித்துவிடும் என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனால் இந்தக் கதையை அவ்வளவு சுத்தமாகச் சொல்லி முடித்துவிடவும் முடியவில்லை. லெதர் லியோன் தன் ஆதர்சமாகச் சொல்வது ரோனி ஜேம்ஸ் டியோ என்ற ஆணை. அவள் ஒரு ஆணின் குரலைக் கேட்டுத் தன் குரலைக் கண்டெடுத்தாள். நான் ஆண் என்று நினைத்து அவளைக் கேட்டேன். நான் கேட்டதிலும் கொஞ்சம் ரப்பர் பெல்ட்டின் தொய்வு. சரியான சுருதியில் இப்போது அவளோடு பாடிப் பார்த்தால் அந்த அரைக் கட்டை எனக்கு எட்டவில்லை. ஆக, 14 வயதில் நான் இணையாகப் பாடிய குரல் உலகத்தில் யாருடையதாகவும் இல்லை. அது எங்கள் வீட்டு கிரைண்டர் பக்கத்தில் மட்டும் இருந்த குரல். அது ஆணா பெண்ணா என்று இனி யாரிடம் கேட்பது? கேட்டாக வேண்டும் என்பதும் இப்போது இல்லை. கடந்த சில மாதங்களாக வகுப்பில் பாடல்களை என் சுருதியிலேயே வாசிக்கிறேன். முதல் நாள் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. மூன்றாம் நாள் எழவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "பொம்பளையா? சான்ஸே இல்ல பாப்பா" என்றான். படம் அனுப்பினேன். நெடுநேரம் கழித்து, "ஹாஸ்டல்ல ஒருத்தனுக்குக்கூடத் தெரியாது" என்று பதில் வந்தது.

அம்மாவிடமும் சொன்னேன். லெதர் லியோன் அவளுக்கு எதற்கு? இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள், "கிரைண்டர்கிட்ட உக்காந்து பாடுவியே, அதுவா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று 30 வருஷமாக நம்பியிருந்தேன்.

"கேக்காம என்ன? அடுப்படிக்கும் அதுக்கும் எவ்ளோ தூரம்? மாவு எப்பவோ பொங்கி வந்திருக்கும். நீ பாட்டு முடிக்கலையேன்னு நிறுத்தாம விட்டுருவேன். மாவு சூடாயிரும். மறுநா இட்லி கல்லு மாதிரி இருக்கும். உங்கப்பா கத்துவாரு."

அந்த இட்லிகளை நானும் சாப்பிட்டிருக்கிறேன். உனக்கு மாவே அரைக்கத் தெரியவில்லை என்று அப்பாவோடு சேர்ந்து நானும் சொல்லியிருக்கிறேன்.