பெட்டி பெரிசு, பாதை சிறிசு
மோட்டார்சைக்கிளுக்கு சைட் பாக்ஸ் வாங்குறவங்க எத்தனை லிட்டர்னுதான் கேக்குறாங்க. கிள்ளான் பக்கம் ஓட்டுறவங்க முதல்ல கேக்க வேண்டியது அகலம். ஃபெடரல் ஹைவே மோட்டார்சைக்கிள் பாதை 1970கள்ல போட்டது, குறுகல். ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டியோட அதுல போனா, பின்னால வர்ற கப்சாய், அதான் சின்ன மோட்டார்சைக்கிள், எப்படி முந்தும்? ஹேண்டில் நுழைஞ்சா எல்லாம் நுழையும்கிறாங்க. சைலன்சர் பக்கம் பெட்டி வெளியே தள்ளி நிக்கிற வண்டியில அந்தக் கணக்கு பொய்யாகலாம். டேப் வச்சு அளந்துடுங்க.

கடையிலேயே மாட்டித் தருவாங்களேன்னு கேக்கலாம். தருவாங்க. ஆனா எல்லா போல்ட்டையும் முதல்ல லூசா நுழைச்சு, ஃபிரேம் நேரா உக்காந்த பிறகு இறுக்கி, கொஞ்சம் ஓட்டினதும் மறுபடி இறுக்கிப் பாக்குற பொறுமை வீட்டுலதான் வரும். இனி அந்த லிட்டர் கணக்குக்கு வருவோம். பல பெட்டிக்கு எடை வரம்பே 10 கிலோ. பிரிக்பீல்ட்ஸ்ல ஓர் அரிசிப் பை வாங்கினா முடிஞ்சுது. மீதி லிட்டர்ல காத்தையா ஏத்திட்டுப் போறோம்?