விரலுக்குத் தெரிந்த காசுகள்

மும்பை ஃபோர்ட்டில், சர் பெரோஸ்ஷா மேத்தா சாலையில் இருக்கிறது ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம். 2004-இல் அப்துல் கலாம் திறந்துவைத்தது. உள்ளே நுழைந்தால் முத்திரைக் காசுகளிலிருந்து வரிசை தொடங்குகிறது. குஷாணர், குப்தர் தங்கக் காசுகளின் முன்னால் கூட்டம் நின்றது. நான் நகர்ந்துவிட்டேன். தங்கம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் மின்னும்.

ஷேர்ஷாவின் வெள்ளி ரூபாய் பதினொன்றரை கிராம் சொச்சம். முந்நூறு ஆண்டு கழித்து, 1835-இல், கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிக்கெல்லாம் ஒரே ரூபாய் அடித்தபோது அதன் எடை 11.66 கிராம். ராஜா மாறினாலும் தராசு அவ்வளவாக மாறவில்லை.

நான் அதிக நேரம் நின்றது அணாக்களின் எதிரில். 1943-இன் ஓட்டைக் காலணா! போர்க்காலத்தில் செம்பை மிச்சம்பிடிக்க நடுவில் துளை போட்டார்கள். பக்கத்தில் சதுர இரண்டணா, விளிம்பு வளைந்து வளைந்து போகும் ஓரணா. 1950-இல் மன்னர் தலை போய் அசோகச் சிங்கம் வந்தது; ரூபாயில் இருந்த புலி போய்க் கதிர் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. நாலணா சரியாக 25 பைசா, எட்டணா 50. ஆனால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா! சில்லறை கொடுத்தவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அறுபதுகளில் அலுமினியம் வந்தது. ஒரு பைசாவும் ஐந்து பைசாவும் சதுரம், மூன்று பைசா அறுகோணம், இரண்டு பைசாவுக்கு அலை விளிம்பு. கண்ணை மூடிக்கொண்டு பையில் கைவிட்டாலும் எது எதுவென்று விரல் சொல்லும். என்னைக் கேட்டால் நம் நாணய வடிவமைப்பின் நல்ல காலம் அதுதான். 1988 முதல் துருப்பிடிக்காத எஃகு வந்தபோது பத்து பைசாவும் வட்டமாகிவிட்டது.

அதன் விளைவு என் சட்டைப்பையிலேயே இருந்தது. தொண்ணூறுகளின் ஒரு ரூபாயும் 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் ஒரே எஃகு, ஒரே 25 மில்லிமீட்டர், ஒரே 4.85 கிராம். பார்வையற்றவர் எப்படிப் பிரித்தறிவார்? 2019-இல் அறிவித்த வரிசையில்தான், பத்து ரூபாய் வரை, மதிப்பு ஏற ஏற அளவும் ஏறுகிறது. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். தாமதம்தான், ஆனால் சரியான திருத்தம்.

அடிக்கடி முகம் மாறும் காசை மக்கள் சந்தேகிக்காமல் என்ன செய்வார்கள்? தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளில் வாங்க மறுத்ததும் இதனால்தான். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ரூபாய்க் குறி இல்லாத பழைய பத்து ரூபாயை யாராவது நீட்டினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.