தறி நிக்கிற நாள்

கிழக்குக் காத்து வீசுற நாள்ல மீனம்பாக்கத்துல இறங்கப்போற விமானங்கள் எங்க வாலாஜாபாத் பக்கமாத்தான் தாழ வரும். அதை அண்ணாந்து பார்த்தே ஏரோநாட்டிகல் சேர்ந்தவன் நான். போன செமஸ்டர் செமினாருக்கு, ஏர் இந்தியா தன்னோட பழைய விமானங்களை எப்படி மாத்துதுங்கிற தலைப்பை எடுத்தேன். வீட்ல ஒத்திகை பார்த்தப்போ அப்பா தறிக்குழியில உட்கார்ந்து நெய்துகிட்டே கேட்டார்.

முதல் ஸ்லைடு கைதட்டலுக்குன்னே வச்சது. 2022 ஜனவரி 27-ல் நிறுவனம் டாடா கைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு அறிவிப்பு: ஏர்பஸ் 250, போயிங் 220. 2024 டிசம்பரில் இன்னும் 100 ஏர்பஸ்.

"சரிப்பா, புதுசு வர்ற வரைக்கும் எதை ஓட்டுவாங்க?"

"பழசைத்தான்பா. அதையும் உள்ளே புது சீட்டு, புது திரை எல்லாம் போட்டு மாத்துறாங்க. 67 விமானம், 40 கோடி டாலர்."

"மாத்துற அன்னிக்கு அது ஓடாதே. அந்தக் கூலி?"

என் 18 ஸ்லைடுல அதுக்குப் பதில் இல்லை நண்பர்களே.

அப்பா ஏன் கேட்டார்னு எனக்குத் தெரியும். எங்க தறியில இன்னும் அட்டை ஜக்கார்டுதான். டிசைன் மாறினா அட்டைக் கட்டையே மாத்தணும். எலக்ட்ரானிக் ஜக்கார்டு போட்டா பென் டிரைவ்ல டிசைன் வந்துடும். கடன் வாங்கிடலாம், அது பிரச்சினை இல்லை. ஆனா மேல இருக்கிற பெட்டியை இறக்கி, நூலையெல்லாம் புதுசா கட்டி, சரிபார்த்து முடிக்கிற வரைக்கும் தறி நிக்கும். சேலை இறங்கலைன்னா கூலி இல்லை. கூலி இல்லைன்னா என் ஃபீஸ் இல்லை.

திரும்பப் போய்த் தேடினேன். ஏர் இந்தியாவின் 787-8 விமானங்கள் 2012-லிருந்து வந்தவை. 27 வாங்கினாங்க, 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு 26. அதுல முதலாவது அந்த ஜூலையில மாத்தியமைக்க கலிஃபோர்னியா போச்சு. செப்டம்பர் 1 முதல் டெல்லி–வாஷிங்டன் சேவை நிறுத்தம். பாகிஸ்தான் வான்வெளி மூடினது ஒரு காரணம். விமானங்கள் பட்டறைக்குப் போறதால ஏற்படுற பற்றாக்குறை இன்னொரு காரணம்னு நிறுவனமே சொல்லிச்சு. அப்பா கேட்ட கூலி இதுதான்.

அப்போ ஒரேயடியா புதுசு வாங்கிட்டா? அதையும் இதே நிறுவனம் செஞ்சு பார்த்திருக்கு. 2005-06-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்த்து 111 விமானங்கள், பெரும்பாலும் கடன்ல. 2011-ல் சிஏஜி அதைக் கிழிச்சுத் தொங்கவிட்டது. வாங்கினதுல ஐந்து 777-களைப் பிறகு எத்திஹாடுக்கு வித்தாங்க.

இண்டிகோ வழி வேற. விமானம் கைக்கு வந்ததும் குத்தகை நிறுவனத்துக்கு வித்துட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டும். வயசாகி, அக்கக்கா பிரிச்சுப் பார்க்கிற பெரிய பராமரிப்பு வர்றதுக்கு முன்னாடியே பலதையும் திருப்பிக் கொடுத்துடும். அப்பாகிட்ட சொன்னேன். "முதலாளி தறியில நெய்யுற மாதிரி"ன்னார். அவ்வளவுதான், ஒரே வரியில முடிச்சிட்டார்! ஆனா அங்கேயும் புது எஞ்சின் கோளாறால 2024 தொடக்கத்துல 70-க்கு மேல விமானங்கள் தரையில நின்னுச்சு. புதுசும் நிக்கும்.

செமினார்ல கடைசி ஸ்லைடை மாத்தினேன். விலைப்பட்டியலை எடுத்துட்டு, ஓடாத நாளுக்குன்னு ஒரு வரி சேர்த்தேன். சார் அந்த ஒரு ஸ்லைடுல மட்டும் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்.

அப்பாவும் ஒத்துக்கிட்டார். ஆர்டர் குறையுற ஆடியில பெட்டியை இறக்குறதா பேச்சு. இப்போ தறியில இருக்கிற பாவுல ரெண்டாவது சேலை ஓடுது. மூணாவதை அறுத்ததும் வேலை தொடங்கணும். ஃபீஸுக்குக் கடைசி தேதி அதுக்கு ஒன்பது நாள் முன்னாடி வருது. அதனால அப்பா ராத்திரியும் உட்கார்றார். சனி, ஞாயிறு நான் ஊருக்குப் போய் ஊடை சுத்திக் கொடுக்கிறேன்.