நொய்யல் கரையில் ஒரு சிற்றூர்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியைச் சேர்வது நொய்யல். அதன் வடகரையில், ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலைக்கு மேற்கே உள்ளது கொடுமணல். அண்மையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். பார்வைக்கு அது ஒரு குக்கிராமமே.

எனினும் 1985ஆம் ஆண்டு முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகள் அவ்வூரின் பழம்பெருமையை வெளிக்கொணர்ந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வூரார் இரும்பை உருக்கினர், எஃகு செய்தனர், படியூர்ப் பச்சைக்கல்லையும் பளிங்கையும் மணிகளாக்கினர். பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூரையும் முசிறியையும் இணைத்த பெருவழி அவர்தம் வாணிபத்தை வளர்த்தது. மட்கலங்களில் தம் பெயர்களைத் தமிழ் பிராமியில் பொறித்தும் வைத்தனர்.

இன்றும் கொங்கு நாட்டை வாழ்விப்பது தொழிலே. ஆனால், திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது. கொடுமணலுக்கு அருகே, பாசனத்திற்கென 1992இல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீரே தேங்கிற்று. உழவரின் கிணறுகளும் வயல்களும் உவர்ப்பேறின. 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

நம் குடும்பங்களிலும் பனியன் தொழிலால் உண்போர் பலர் உளர். ஆகவே, பிறரைக் குறைகூறி ஒதுங்குதல் நமக்கு அழகன்று. கொடுமணல் மக்கள் நமக்கு மணிகளை விட்டுச் சென்றனர். நம் மக்களுக்கு நாம் தூய ஆற்றையேனும் விட்டுச் செல்வோமாக.