மற்றும் பலர்

கும்மிடிப்பூண்டி வண்டியில் பீச் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தால் ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று வடசென்னை முழுவதும் ஜன்னலில் ஓடுகிறது. அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைத் தாண்டி, கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்துதான் காட்டுப்பள்ளிக்குப் போக முடிந்தது. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வருவதற்கு முன் இது மீனவர்களின் ஊர். கட்டுமானத்துக்காகக் கடலோரக் குப்பத்தை இடம் மாற்றினார்கள். 2018-இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. இப்போது வெளியூர்க்காரர்கள் காட்டுப்பள்ளி என்று சொன்னால் துறைமுகத்தைத்தான் சொல்கிறார்கள்.

நான் போனது துறைமுகம் பார்க்க அல்ல. எண்ணூரில் லாரி தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இங்கே மகள் வீட்டில் இருக்கிறார். வயது எழுபதுகளின் கடைசி. நடிகர்களின் கையெழுத்து வாங்கிய புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார், ஆனால் கதாநாயகர்கள் யாரும் அதில் கிடையாது. அப்பா, மாமனார், கணக்குப்பிள்ளை, டாக்டர், வில்லன், வில்லனின் கையாள், அழுகிற அம்மா, அதட்டுகிற அத்தை, இவர்கள் மட்டும்தான். தன் பெயர் பத்திரிகையில் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

"உக்காருப்பா. வெயில்ல வந்திருக்கே, மொதல்ல தண்ணி குடி" என்றார். மகள் டீ போடப் போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இழுக்க நான் கை கொடுக்கப் போனேன். "நீ வுடு, அது எங்க புடிக்கணும்னு எனக்குத்தான் தெரியும்" என்று தானே இழுத்தார்.

பெட்டிக்குள் பழைய வேட்டித் துணி, அதற்குள் உறைகள். மேலாக வந்தது டி.எஸ்.பாலையா, போஸ்ட்கார்டு சைஸ் கறுப்பு வெள்ளை. 1936-இல் 'சதி லீலாவதி' படத்தில் எம்.ஜி.ஆரும் என்.எஸ்.கிருஷ்ணனும் திரைக்கு வந்தபோது கூடவே வந்தவர் பாலையா. 'காதலிக்க நேரமில்லை' விஸ்வநாதன், 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர், 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர், மூன்றுக்கும் ஒரே ஆள் என்று நினைவுபடுத்திக்கொள்ளவே ஒரு நிமிடம் ஆகிறது. 1972-இல் காலமானார். அதற்குச் சில காலம் முன்பு வாங்கிய கையெழுத்து இது. ஊற்றுப்பேனா மை, ஓரத்தில் லேசாக ஊறியிருக்கிறது.

"ஹீரோ போட்டோ ஊர் பூரா கெடக்குது. பாலையா கையெழுத்து எத்தினி பேருகிட்ட இருக்கும், சொல்லு பாப்போம்?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. முன்னணி நாயகனுக்கு ரசிகர் மன்றம் உண்டு, கடிதங்களைப் பிரிக்க ஆள் உண்டு. கடிதம் போட்டவருக்குத் தபாலில் வருகிற படத்தில் கையெழுத்தும் அச்சிலேயே இருக்கும், இல்லாவிட்டால் உதவியாளர் போட்டிருப்பார். ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் அந்தக் காலத்தில் இதைத்தான் செய்தன. ரசிகர் கடிதங்களுக்கென்று தனிப் பிரிவே வைத்து மூட்டை மூட்டையாகப் படம் அனுப்பின. துணை நடிகருக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. கொடுக்கப் படமே இருக்காது. ரசிகன்தான் எங்கிருந்தாவது ஒரு ஸ்டில்லைத் தேடிப் பிடித்து அவர் முன்னால் நீட்ட வேண்டும். அதனால் அந்தக் கையெழுத்து பெரும்பாலும் அவரே போட்டதாக இருக்கும். நாயகனின் கையெழுத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மாமனாராக நடித்தவரின் கையெழுத்தை நம்புவேன்.

ஸ்டில் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அப்போது தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் படத்தின் காட்சிகளைப் போட்டோக்களாக மாட்டியிருப்பார்கள். படம் தூக்கிய பிறகு அதில் சிலது திரும்பிப் போகாது. வண்ணாரப்பேட்டை மகாராணி, தண்டையார்பேட்டை அகஸ்தியா என்று தெரிந்த ஆட்களைப் பிடித்து வைத்திருந்தாராம். மிச்சத்துக்கு மூர் மார்க்கெட். 1985-இல் தீப்பிடித்து அது போகும்வரை பழைய புத்தகம், இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், போட்டோ எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும்.

கையெழுத்து வாங்க அவர் ஸ்டூடியோ வாசலில் நின்றதில்லை. "கூர்க்கா உள்ள வுடமாட்டான். நாடகத்துக்குப் போனா மேக்கப் கலைக்கிறதுக்குள்ள புடிச்சிரலாம்." ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு எண்ணூரிலிருந்து பஸ் மாறி மாறி வாணி மஹாலுக்கும் மயிலாப்பூர் சபாக்களுக்கும் போயிருக்கிறார். இந்தக் குணச்சித்திர நடிகர்களில் பெரும்பாலோர் நாடகத்திலிருந்து வந்தவர்கள். சினிமாவில் பேர் வாங்கிய பிறகும் மேடையை விடாதவர்கள் பலர். மேஜர் சுந்தரராஜன், வி.எஸ்.ராகவன், பூர்ணம் விஸ்வநாதன், காத்தாடி ராமமூர்த்தி படங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். பூர்ணத்தின் படத்தை மட்டும் பெரியவர் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர் பூர்ணம். நாடு விடுதலையான செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அது. 'வருஷம் 16' தாத்தாவாக மட்டும் அவரைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அடுத்த உறையில் வி.கே.ராமசாமி. 1947-இல் ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்தில் கிழவராக நடித்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டி. அதன்பின் வாழ்நாள் முழுக்கத் திரையில் பெரிய மனிதர்தான். பெரியவர் வைத்திருந்த படத்தில் வேஷமும் நிஜ வயதும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டிருந்தன. எஸ்.என்.லட்சுமியின் படம் 'மைக்கேல் மதன காமராஜன்' காலத்தது. அந்தத் திருட்டுப் பாட்டியை யார் மறப்பார்கள்? டெல்லி கணேஷ் 'பசி' ஸ்டில்லில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பத்து ஆண்டு விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவர், துரை இயக்கிய அந்த 1979 படத்தில் சென்னைக் குடிசைப் பகுதி ரிக்‌ஷாக்காரராகவே மாறியிருந்தார். 2024 நவம்பரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று பெரியவர் இந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தாராம். "அந்தப் படத்துல எங்க ஏரியா ஆளு மாதிரியே பேசுவாருப்பா."

தூர்தர்ஷன் 1975-இல் சென்னைக்கு வந்த பிறகு தேடவேண்டிய முகங்கள் கூடின. வாராவாரம் நாடகம். கூடவே பெயர் தெரியாத முகங்களும் வீட்டுக்குள் வந்தன.

பெட்டியின் அடியில் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை. "இதப் பாரு, சிரிப்பே" என்று நீட்டினார். எஸ்.வி.ரங்கா ராவ், பளபளவென்று, கீழே நீல நிறத்தில் கையெழுத்து. ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து வாங்கியதாம். 'நர்த்தனசாலை'யின் கீசகனுக்காக ஜகார்த்தா படவிழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய ரங்கா ராவ் 1974-இல் இறந்துவிட்டார். இந்தப் படம் அச்சாகியிருப்பது இப்போதைய கலர் லேப் தாளில். கையெழுத்து ஜெல் பேனாவில். ஜெல் பேனா ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டதே 1984-இல்! "செத்து பத்து வருசம் கழிச்சு எழுந்து வந்து போட்டுட்டுப் போயிருக்காரு" என்று சிரித்தார். இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது பார்க்க வருபவர்களுக்குப் பாடம் நடத்த. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மை தாளின் மேல் தனியாக மின்னினால் கையால் போட்டது. படத்தோடு படமாக ஒரே மினுமினுப்பாக இருந்தால் அச்சு. பால்பாயிண்ட் என்றால் பின்பக்கம் தடவினால் தடம் தெரியும். தாளின் முதுகில் இருக்கும் கம்பெனிப் பெயர், ஸ்டூடியோ முத்திரை எல்லாம் காலம் சொல்லும்.

போலியைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஊர்க் காற்றை என்ன செய்வது? ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் நிலக்கரித் தூசி. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தேன், கறுப்பாக வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. ஈரக்காற்று பட்டுப் பட்டு இருண்ட இடங்களில் நீலச்சாம்பலாகப் பூத்துவிடும். படம் கழுவப் பயன்படுத்தும் ஹைப்போ ரசாயனத்தைச் சரியாக அலசி எடுக்காத படம் பழுத்துப் போகும். தொண்ணூறுகளில் எல்லா வீட்டிலும் வாங்கினோமே, பிசின் தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம், அதில் ஒட்டிய நாலைந்து படங்கள் பிய்த்தால் முகத்தோடு வருகின்றன. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் இடையில் பட்டர் பேப்பர். பேரனின் ஷூ டப்பாவில் வந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் பெட்டிக்குள் போகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெட்டி பரணுக்கு ஏறியது. எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் பரவிய வெள்ளம் அது.

இவ்வளவும் பார்த்த பிறகும் என் மனதில் தங்கியது பெயர் தெரியாத ஒரு படம்தான். காக்கிச் சட்டை, மீசை, கான்ஸ்டபிள் வேஷம். எத்தனையோ படங்களில் பார்த்த முகம். கையெழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. எந்த நாடகத்தில் வாங்கினார் என்பதும் நினைவில்லை. டைட்டிலில் 'மற்றும் பலர்' என்று போடுவார்களே, அதற்குள் இருந்தவர்.

'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார். பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து, 1958-இல் 'நாடோடி மன்ன'னுக்குத் தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளராக ஆனவர் அவர். படம், ஆண்டு, நடிகர் என்று வாழ்நாளெல்லாம் குறித்து வைத்தார், ஆயிரக்கணக்கில் ஸ்டில்களைச் சேர்த்தார். அந்தத் தொகுப்பைத் தமிழக அரசே விலைக்கு வாங்கியது. 2016 மார்ச்சில் அவர் போனார். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் காக்கிறது. ஆனால் எந்தக் காப்பகமும் காட்டுப்பள்ளியில் ஒரு கட்டிலுக்கு அடியில் வந்து தேடாது. தேடி வந்தாலும் கான்ஸ்டபிளின் பெயரை அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் கூட நடித்தவர்களும் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களும்தான். அவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியவர் அந்தக் கான்ஸ்டபிளை என் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழைய நாடகக்காரர்கள் நாலு பேரிடம் காட்டியிருக்கிறேன். இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். அப்பா நாடகக் கொட்டகையில் வாங்கியது, அத்தை ஏதோ கல்யாணத்தில் ஓடிப்போய்க் கையெழுத்துப் போடச் சொன்னது. இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்: யார் இவர், எங்கே வாங்கியது, எந்த வருஷம். சொல்வதைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் வந்துவிடும். லேமினேஷன் கடைக்கு மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.