முகம் பார்க்க வந்த பயணம்

ஆகாய விமானத்தில் முதன்முதலாக ஏறிய நாளைப் பற்றி நம் குடும்பங்களிலுள்ள முதியோரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடுமுறையைக் கழிக்கச் சென்றோம், ஊர் சுற்றிப் பார்க்கச் சென்றோம் என்று சொல்பவர்கள் வெகு சிலராகவே இருப்பார்கள். பிழைப்புத் தேடிப் போனவர், மணமுடித்துக் கணவன் இருக்கும் நாட்டிற்குப் போனவள், மகளின் பேறுகாலத்திற்குத் துணையாகப் போன தாய், படுக்கையில் கிடந்த பெற்றோரைக் காண ஓடிவந்த மகன் என்று, அந்த முதற் பயணத்தின் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கதை இருக்கும். எண்பத்தைந்து வயதைத் தொட்டுவிட்ட எனக்கும் அப்படியொரு கதை உண்டு. அதை இக்குடும்ப இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் நாட்டில் ஒழுங்கான விமானப் போக்குவரத்து 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் தொடங்கியது. அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறிய விமானமொன்றைத் தாமே ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் அவருடைய தோழர் நெவில் வின்சென்ட். அந்த விமானம் ஏற்றிவந்தவை கடிதங்களே. எங்களைப் போன்ற குடும்பங்களைப் பொறுத்தவரை, அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைமை அப்படியே இருந்தது என்று சொல்லலாம். எங்கள் கடிதங்கள் வானில் பறந்தன. நாங்களோ கப்பலில் போனோம்.

நாகப்பட்டினத்தை அடுத்த கடற்கரைக் கிராமம் எங்களுடையது. 1952-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக, என் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் மலாயாவுக்குக் கப்பலேறினேன். அவர் கோலாலம்பூரை அடுத்த செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை செய்துவந்தார். தந்தையை இழந்திருந்த என்னைப் படிக்க வைப்பதாக என் தாயாருக்கு வாக்குக் கொடுத்து அழைத்துச் சென்றார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தோணியில் ஏறி, அலைகளில் தத்தளித்து, தொலைவில் நங்கூரமிட்டிருந்த ‘ராஜூலா’ கப்பலை அடைய வேண்டும். 1926-இல் கட்டப்பட்டு, 1973 வரை நம்மவர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்ற கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி நாள்களைக் கழித்தோம். கரையில் நின்று கையசைத்த என் தாயாரின் முகம் புள்ளியாய்ச் சிறுத்து மறைந்ததே என் நெஞ்சில் பதிந்த முதற் பிரிவு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1956-இல், ஒருநாள் மாலை செந்தூல் வீட்டுக்குத் தந்தி வந்தது. என் பாட்டியார், அதாவது பெரியப்பாவின் தாயார், இறந்துவிட்டார். பெரியப்பா தந்தியை வாங்கிப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திண்ணையில் அமர்ந்தார். ஊருக்குப் புறப்படும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கப்பல் கிடைத்து ஊர் போய்ச் சேர்வதற்குள் கல்லறையில் புல் முளைத்துவிடும் என்பதை அவர் அறிவார். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏர் இந்தியா விமானம் 1954-இலேயே பறக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பட்டறைத் தொழிலாளி ஒருவர் எண்ணிப் பார்க்கக்கூடிய கட்டணமா அது?

சில வாரங்கள் சென்றபின் வான் அஞ்சலில் ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். பாட்டியாரின் உடலைப் புதுப்புடவை உடுத்தி நாற்காலியில் அமர்த்தி, கைகளில் செபமாலையைச் சுற்றி, உறவினர் அனைவரும் சூழ நின்று எடுத்த படம். அக்காலத்தில் கடல் கடந்து வாழ்ந்த பிள்ளைகளுக்காக ஊரில் இப்படிப் படம் எடுத்து அனுப்புவது வழக்கம். இன்றைய இளைஞர்களுக்கு இது அச்சமூட்டும் காட்சியாகத் தோன்றலாம். வர இயலாத பிள்ளைக்குத் தாயின் கடைசி முகத்தைக் காட்ட அன்றைய மக்களுக்கு வேறு வழி தெரியவில்லை. பெரியப்பா அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. தம் செபப் புத்தகத்திற்குள் வைத்துக்கொண்டார். “அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தேன்” என்று பல ஆண்டுகள் கழித்தும் சொல்வார்.

அன்றுமுதல் அவர் இரண்டு காரியங்களில் பிடிவாதமாக இருந்தார். வீட்டிலுள்ளவர்களின் கடவுச்சீட்டு ஒருநாளும் காலாவதியாக விடமாட்டார். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைத் தனியே சேமித்துவந்தார். எதற்கென்று கேட்டால், “இருக்கட்டும்” என்பார்.

எதற்கென்பது 1976-இல் எனக்கு விளங்கிற்று. அப்போது நான் கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவனாக இருந்தேன். “அம்மா கவலைக்கிடம், உடனே வரவும்” என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. பணி ஓய்வு பெற்றுவிட்ட பெரியப்பா, தந்தியைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் வெளியே போனார். மாலையில் திரும்பியபோது அவர் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. இருபது ஆண்டுச் சேமிப்பு அது. “கப்பலைப் பற்றிப் பேசாதே. நாளைக்கே விமானம் ஏறு. போய் முகம் பார்” என்றார். அந்த ஒருவழிப் பயணச்சீட்டின் விலை என் ஒன்றரை மாதச் சம்பளத்திற்கும் கூடுதலாக இருந்தது.

மறுநாள் இரவு சுபாங் விமான நிலையத்தில் நான் விமானத்தின் படிகளில் ஏறினேன். முதன்முறை பறப்பவனுக்கு உண்டாகும் வியப்பெல்லாம் எனக்கும் உண்டாயிற்று. இடுப்புப் பட்டையைப் பூட்டத் தெரியாமல் விழித்தேன். விமானப் பணிப்பெண் தட்டில் மிட்டாய் கொண்டுவந்தாள். காது அடைக்காமலிருக்க அதைச் சப்பவேண்டும் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லிக்கொடுத்தார். பயணிகள் சிலர் இருக்கையில் அமர்ந்தபடியே சிகரெட் புகைத்தனர். அன்று அது தடை செய்யப்படவில்லை. இயந்திரங்கள் உறுமிக்கொண்டு தரையை விட்டபோது நெஞ்சில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டேன். கீழே நகரத்தின் விளக்குகள் சிறுத்து மறைந்தன. சற்று நேரத்தில் ஒன்றும் தெரியாத கரிய கடல். சிறுவனாக நான் பாய் விரித்துக் கடந்த அதே கடல்.

என் பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் இருந்தார். மணப்பெண்ணாகக் கப்பலில் வந்து, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், தங்கையைப் பார்க்க முதன்முறையாக ஊர் திரும்புகிறார். வருகை அட்டையை என்னிடம் நீட்டி, “தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா” என்றார். எழுதிக் கொடுத்தேன். உணவுத் தட்டில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தையும் சிறு கரண்டியையும் தங்கையின் பேரனுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் செய்தியை ஊகித்தவர்போல, மெல்லக் கேட்டறிந்தார். “கப்பல்ல வந்தப்போ ஊரை நெனைச்சு அழுறதுக்கு ஒரு வாரம் கெடைச்சுது தம்பி. இதுல அழுது முடிக்கிறதுக்குள்ள எறங்கச் சொல்லிடுவாங்க போலிருக்கு” என்றார். துயரத்தின் நடுவிலும் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நான்கு மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கினோம். மலேசியக் கடிகாரம் அக்காலத்தில் நம் கடிகாரத்தைவிட இரண்டு மணி நேரம் முந்தியிருந்தது. ஆதலால் என் கைக்கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தேன். தாயாரின் வாழ்நாளில் இரண்டு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்ததுபோல அப்போது ஓர் எண்ணம் தோன்றிற்று. சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். ஓர் இரவல் போர்வையும் இரண்டு வேட்டிகளும் தவிர அதில் ஒன்றுமில்லை. “வேறு சாமான் இல்லையா?” என்று கேட்டார். “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்றேன். பெட்டியை மூடி, கையால் வழிகாட்டி அனுப்பிவிட்டார்.

விடியற்காலையில் பாரிமுனையில் பேருந்து ஏறினேன். கடலைக் கடக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. சென்னையிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக ஊர் சேர அதைப்போல் இரு மடங்கிற்கும் மேலாயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் உள்ளம் பேருந்தை விட்டு இறங்கி முன்னே ஓடியது.

என் தாயார் உயிருடன் இருந்தார். கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தவர், என் குரல் கேட்டுக் கண் திறந்தார். “வந்துட்டியா ராசா” என்றார். சற்றுப் பொறுத்து, “கப்பல் எப்ப வந்துச்சு?” என்று கேட்டார். விமானத்தில் வந்தேன் என்று சொன்னபோது, “ரொம்பச் செலவாகியிருக்குமே” என்று வருந்தினார். அப்படிச் சொல்லிக்கொண்டே என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். நான்கு நாள்கள் இருந்தார். கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன், இருபத்து நான்கு ஆண்டுகளில் பேசாமல் விட்டவற்றைப் பேசினோம். ஐந்தாம் நாள் அவருடைய கல்லறைக் குழியில் முதல் கைப்பிடி மண்ணை நான் போட்டேன். அன்றிரவே பெரியப்பாவுக்கு வான் அஞ்சல் எழுதினேன். படம் எதுவும் அதில் வைத்தனுப்ப வேண்டியிருக்கவில்லை.

ஆகாய விமானம் மனிதனுக்கு அளித்த நன்மைகளைப் பலரும் பலவாறு எடுத்துரைப்பர். வணிகம் வளர்ந்தது, உலகம் சுருங்கியது என்பர். என்னைக் கேட்டால், அது அளித்த தலைசிறந்த கொடை இதுவே என்பேன்: கடல் கடந்த பிள்ளை, தன் பெற்றோரின் முகத்தை வந்து பார்க்க முடிந்தது. 1985 பிப்ரவரி 12 அன்று ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பற்றிப் பலர் மாண்டபின், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. விமானம் ஒன்றே வழியாயிற்று.

ஆயினும் அந்தக் கொடை எல்லாருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின், வளைகுடா நாடுகளுக்கு நம் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பறந்தனர். பலர் இரயிலில் பம்பாய்க்குப் போய், அங்கே நாள்கணக்கில் காத்துக் கிடந்து, தாயின் நகையை விற்ற பணத்தில் முதல் விமானம் ஏறினர். எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் இளைஞரும் அவர்களுள் ஒருவர். 1987-இல் அவருடைய தந்தை இறந்தபோது அவரால் வர இயலவில்லை. கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது, விடுப்பு மறுக்கப்பட்டது. அடக்கத்தை வீடியோவில் எடுத்து, ஊர் வந்து திரும்பும் ஒருவரிடம் அந்தக் கேசட்டைக் கொடுத்தனுப்பினார்கள். அறைத் தோழர்களோடு அமர்ந்து அவர் அதைப் பார்த்தாராம். என் பெரியப்பாவின் புகைப்படம் அசையக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான் வேற்றுமை. விமானம் இருந்தால் மட்டும் போதாது, அதில் ஏறும் உரிமையும் தொழிலாளிக்கு வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பின்னர் 2020 வந்தது. மார்ச் 23 முதல் பன்னாட்டுப் பயணியர் விமானங்கள் நம் நாட்டிற்கு வருவது நின்றது. மே 7-ஆம் நாள் ‘வந்தே பாரத்’ சிறப்பு விமானங்கள் தொடங்கிய பின்னரும் இடம் கிடைக்காமல் தவித்தவர்கள் பலர். வழக்கமான போக்குவரத்து முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27-இல்தான். அந்நாள்களில் எத்தனையோ பிள்ளைகள் பெற்றோரின் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கதறினர். பணமிருந்தும், கடவுச்சீட்டு இருந்தும், அவர்கள் 1956-ஆம் ஆண்டின் செந்தூல் திண்ணைக்கே தள்ளப்பட்டனர்.

அன்பார்ந்த வாசகர்களே, இன்று விமானங்கள் மீண்டும் பறக்கின்றன. திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடியாகப் போய்வரலாம். ஆனால் மற்றொரு காட்சியையும் இப்போது காண்கிறேன். வர வழியுள்ள பிள்ளைகள் சிலர், திரையில் பார்த்தாலே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். நாள்தோறும் முகம் தெரிகிறதே என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். முகம் தெரிவது உண்மைதான். ஆனால் கட்டிலில் கிடப்பவர் பற்றிக்கொள்ள விரும்புவது ஒரு கையை. அதைத் திரை தராது.

ஆகவே, பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள இல்லங்களுக்கு என் பெரியப்பாவின் இரண்டு பழக்கங்களையே பரிந்துரைக்கிறேன். கடவுச்சீட்டைக் காலாவதியாக விடாதீர்கள். திடீர்ப் பயணத்திற்கென ஒரு சிறு தொகையைத் தனியே வைத்திருங்கள். வேலைக்கு ஒப்பந்தம் செய்யும்போது, அவசர விடுப்பைப் பற்றி முதலிலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள். கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். இவற்றோடு, உங்கள் வீட்டு முதியோரின் முதற் பயணக் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். யார் யாருடைய சேமிப்பில் அவர்கள் பறந்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.