இறக்கை யாருடைய பங்கு?

ஒரு குடும்பத்தின் நாகரிகத்தை அளக்க விரும்புவோர் அவ்வீட்டுக் கூடத்தில் தொங்கும் படங்களைப் பார்க்க வேண்டியதில்லை. கோழி அடித்த நாளில் எந்தத் துண்டு எவர் இலையில் விழுகிறது என்று பார்த்தால் போதும். ஒரு தொடை வீட்டுத் தலைவருக்கு. மற்றொரு தொடை மூத்த மகனுக்கு. மாப்பிள்ளை வந்துவிட்டாலோ மகனும் ஒதுங்க வேண்டியதுதான். நெஞ்சுக்கறியும் ஈரலும் பிள்ளைகளுக்கு. கழுத்தும், காலும், முதுகெலும்பும், இறக்கையும் சட்டியின் அடியில் குழம்போடு கிடக்கும். எல்லாரும் உண்டு எழுந்த பின்னர் அவை யாருக்கு எனில், அக்கோழியைக் குஞ்சு முதல் வளர்த்து, அடித்து, உரித்து, மசாலை அரைத்து, அடுப்பூதிச் சமைத்த பெண்ணுக்கு. தோட்டத்து முனியாண்டிக்குப் பலியிட்ட சேவலிலும் இதே நியாயந்தான் நடந்து வந்தது. சாமி கேட்டதாகச் சொன்னது உயிரை மட்டுமே. நல்ல துண்டைக் கேட்டவர்கள் மனிதர்களே. இந்தப் பாகப்பிரிவினையை எந்தச் சாத்திரத்திலும் எழுதிவைத்திருப்பதாகத் தெரியவில்லை. எழுதாமலே நடக்கும்போது எதற்காக எழுத வேண்டும்?

கொரியா நாட்டிலும் ஒரு வேடிக்கையான நம்பிக்கை உண்டு. கணவனுக்கு மனைவி கோழி இறக்கையைப் பரிமாறலாகாதாம். பரிமாறினால் அவன் மனம் வேறொருத்தியிடம் பறந்துவிடுமாம். நமது நாட்டில் ஆண்கள் இறக்கையைத் தின்னாமலே பறந்து திரிவதைக் கொரியர் அறியார் போலும்!

நிற்க. நாம் கெடா மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு நண்பரோடு பயணம் செய்தபோது, நல்ல கோழி இறக்கை எங்கே கிடைக்கும் என்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டு திரிந்தோம். கோயிலைத் தேடிப் போகிறவர்களும், கடாரத்தின் பழம்பெருமையைத் தேடிப் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025 ஆம் ஆண்டில் கடாரத்தின்மேல் படையனுப்பினான் என்பதை நாமும் அறிவோம். அதனால் லயத்து வீட்டில் அடுப்பெரித்தவளுக்கு என்ன கிடைத்தது என்பதே நமது கேள்வி. பெருமையைத் தேடுவோர் தேடட்டும். நாம் இறக்கையைத் தேடினோம்.

பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இறங்கி, கூலிம் சென்று, அங்கிருந்து லூனாசை அடைந்தோம். கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் இது. 2000 ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலால் ஒருமுறை நாடெங்கும் இதன் பெயர் ஒலித்தது. மலாய் மொழியில் ‘லூனாஸ்’ என்ற சொல்லுக்குக் கப்பலின் அடிமரம் என்றும், கடன் தீர்ந்தது என்றும் இரு பொருள்கள் உண்டு. ஊர்ப்பெயர் எப்பொருளில் வந்ததோ, ஆராய்ச்சியாளர் சொல்லட்டும். ஆனால் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்து, அக்கடன் தீராமலே பால்மரக் காட்டில் மடிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ‘கடன் தீர்ந்தது’ எனப் பொருள்படும் ஓர் ஊரில் வாழ்கிறார்கள் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு ஒருவிதமான உணர்ச்சி உண்டாயிற்று.

இவ்வூர் உணவுக்குப் பெயர் பெற்றது என்றால் அது வாத்துக்கே. சீனர் கடைகளில் மேனி முழுதும் பழுப்பேற வாட்டிய வாத்துகள் கழுத்தால் தொங்குகின்றன; அவற்றை வாங்குவதற்கென்றே பினாங்கிலிருந்து வருவோர் உண்டு. “வாத்துக்கு வர வேண்டிய ஊருக்குக் கோழி இறக்கைக்காக வந்தீர்களா?” என்று நமது நண்பரே கேலி செய்தார். வாத்தின் சுவையை நாம் மறுக்கவில்லை. எனினும் வாத்தும் பன்றியும் தொங்கும் கடைக்குள் மலாய் அன்பர் நுழையார்; மாட்டிறைச்சி வேகும் இடத்தில் நம்மவரில் பலர் உட்காரார்; குவான் யின் அம்மனை வழிபடும் சீனரிலும் பலர் மாட்டைத் தொடார். மூவினத்தாரும் தடையின்றித் தின்னும் இறைச்சி கோழி. ஆதலால் கோழி விற்கும் இடத்தில்தான் நாட்டை முழுமையாகக் காண இயலும் என்பது நமது கொள்கை.

முதலில் இரவுச் சந்தைக்குப் போனோம். ‘பாசார் மாலாம்’ என்பார்கள். மாலையில் சாலையோரம் முளைத்து, இரவில் சுவடின்றி மறையும் கடைத்தெரு அது. அங்கே மலாய் இளைஞர் ஒருவர் நீண்ட தகரத் தொட்டியில் கரிநெருப்புப் பரப்பி, மஞ்சளும் செராய்ப் புல்லும் இடித்துப் பூசிய இறக்கைகளைக் கம்பியில் கோத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். இனிப்புச் சாற்றைக் கடைசியில்தான் தடவினார். இதில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. தேனையோ சர்க்கரையையோ முன்னரே பூசினால் தோல் கருகிவிடும். எலும்போரம் இரத்தம் மாறாமல் நிற்கும். இறக்கையிலே சதை குறைவு. தோலும் நரம்பும் மூட்டுச் சவ்வும் மிகுதி. நெஞ்சுக்கறி சிறிது நேரம் கூடினாலும் வைக்கோலாகும்; இறக்கையோ பொறுமையாக வெந்தால் அச்சவ்வெல்லாம் பசைபோல் இளகி, ஒவ்வொரு கடிக்கும் உதட்டில் ஒட்டும். அவசரக்காரன் கைக்கு ஆகாத துண்டு அது.

அந்தக் கடையின் முன்னே நின்ற வரிசையைப் பார்த்து நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். தொழிற்சாலைச் சட்டை போட்ட தமிழ்ப் பெண், பள்ளிப் பிள்ளையோடு ஒரு சீன அம்மையார், தொழுகை முடித்து வந்த முதியவர், நாம். முன்னால் வந்தவர் முன்னால். பின்னால் வந்தவர் பின்னால். தோட்டங்களில் ஆதிதிராவிடத் தோழர்களுக்குத் தனி லயம் ஒதுக்கி வைத்த காலத்தையும், தாய்நாட்டுத் தேநீர்க் கடைகளின் தனிக் குவளையையும் அறிந்தவர்களுக்கு இவ்வரிசை சிறு காரியமாகத் தோன்றாது. சுவை எப்படி எனில், இனிப்புச் சற்றே ஓங்கியிருந்தது. பத்துக்கு ஏழு கொடுக்கலாம்.

மாமாக் கடை இறக்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கறிவேப்பிலையோடு மொறுமொறுவென்று பொரித்த மசாலைத் தூள் நன்றாயிருந்தது. உள்ளிருந்த இறக்கை வெறும் சாக்காக இருந்தது. கோலாலம்பூர் ஜாலான் அலோரில் வோங் ஆ வா கடையின் கரிநெருப்பு இறக்கையைப் பலர் புகழ்வர். அப்புகழ் தகும், ஆனால் நமது பயணம் தோட்டப்புறத்துக்கு.

தோட்டப்புறம் என்றால் கள்ளுக்கடையை விட்டுப் பேச முடியாது. காரமான வறுவலுக்குப் பெயர்போன இடம் அந்நாளில் கள்ளுக்கடை ஓரமே. காரம் ஏறினால் கள் இறங்கும். கள் இறங்கினால் கூலி திரும்பவும் வந்த வழியே போய்ச் சேரும். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்று விதித்திருந்தார்கள். அவனுடைய கூலி கள்ளுக்கடையில் கரைய, அவளுடைய குறைந்த கூலியில் அடுப்பு எரிந்தது. இந்தக் கொடுமையை எதிர்த்து எழுந்தவர்கள் இதே கெடா மண்ணில்தான் எழுந்தார்கள். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை அமைந்து, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947 மார்ச்சில் பீடோங்கில் போலீசார் தாக்கினர். ஏப்ரலில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சோழனின் கப்பற்படையைப் பாடமாகப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் படையைப் பற்றிச் சொல்வார் மிகச் சிலரே.

இன்று அத்தோட்டங்களில் பல இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 1996 இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின், பிரட்டுக்களத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கிறார்கள். லயம் இடிந்தாலும் கைப்பக்குவம் இடியவில்லை என்பதை லூனாசுக்கும் பாடாங் செராய்க்கும் இடையே ஒரு சாலையோரத்தில் கண்டோம்.

மேசை ஒன்று; அடுப்பு ஒன்று; மேலே தார்ப்பாய். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் இரும்புச் சட்டியில் இறக்கை வறுத்துக்கொண்டிருந்தார். அவர் செய்யும் முறை வேறு. இறக்கைகளை முதலில் உப்பும் மஞ்சளும் இட்டு, சிறிது நீரில் மூடி வேகவைக்கிறார். அந்நீரை வடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு இரசமாக்கிக் குவளையில் விற்கிறார். வெந்த இறக்கைகளைச் சிறிய வெங்காயம், சோம்பு, காய்ந்த மிளகாய், ஒரு பிடி கறிவேப்பிலை ஆகியவற்றோடு சட்டியில் போட்டு, நீர் முழுதும் வற்றி மசாலை தோலோடு தோலாக ஒட்டும்வரை கிளறுகிறார். கடைசியில் மிளகுத்தூள். ஒரே துண்டில் இரண்டு பண்டங்கள்! சதை எலும்பைவிட்டு வழுகிற்று, தோல் மொறுமொறுத்தது, காரம் நாக்கைச் சுட்டதேயன்றி வயிற்றைச் சுடவில்லை. இப்பயணத்தில் நாம் உண்டவற்றுள் இதற்கு இணை வேறில்லை.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம்.

“கத்துக்கறதா? எங்க அம்மாவுக்கு அதுதானே ஐயா மிஞ்சும்! எறக்கையும் கழுத்தும். அத ருசியா ஆக்கலேன்னா அவங்க எதத் தின்னுவாங்க?” என்றார்.

இவ்விடையைக் கேட்டதும் அமெரிக்காவின் பஃபலோ நகரம் நினைவுக்கு வந்தது. உலகெங்கும் இறக்கை இன்று கேட்டு வாங்கும் பண்டமாயிருப்பதற்கு அந்நகரமே காரணம் என்பர். அங்கே ஆங்கர் பார் என்னும் உணவகத்தில் 1964 இல் தெரெசா பெலிசிமோ என்னும் அம்மையார் இறக்கையைப் பொரித்துக் காரச் சாற்றில் புரட்டிக் கொடுத்தார் என்பது வரலாறு. இறக்கை தவறுதலாக வந்து சேர்ந்தது என்று கணவர் ஒரு கதை சொன்னார். வெள்ளிக்கிழமை நள்ளிரவு என்று மகன் வேறொரு கதை சொன்னார். 1977 சூலை 29 ஆம் நாளை இறக்கைத் திருநாளாகவே அந்நகரம் அறிவித்தது. ஆனால் அதே ஊரில், அதே 1960-களில், ஜான் யங் என்னும் கறுப்பினத்தவர் முழு இறக்கையை மாவில் தோய்த்துப் பொரித்து, ‘மம்போ’ என்னும் சாற்றில் நனைத்து விற்று வந்தார். 1980 இல் கால்வின் டிரில்லின் என்னும் எழுத்தாளர் இவ்வரலாற்றை ஆராய்ந்தபோது, கறுப்பு மக்கள் இறக்கையை என்றுமே உண்டு வந்தவர்கள் என்று யங் எடுத்துச் சொன்னார். வெள்ளையர் சூப்புச் சட்டிக்குத் தள்ளிய துண்டை உண்ணும் பண்டமாக்கிய கை எது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு? அந்நாட்டில் இறக்கையின் விலை எலும்பில்லா நெஞ்சுக்கறியின் விலையையும் மிஞ்சிய காலங்கள் உண்டு. விலை ஏறிய பிறகு கண்டுபிடித்தவர் பெயரும் மாறிவிட்டது.

சிலர் இங்கே குறுக்கிட்டு, “பார்த்தீர்களா, மிச்சம் கிடைத்ததால்தானே கலை வளர்ந்தது, ஆகவே அப்பழக்கத்தில் நன்மையும் உண்டு” என்பர். பசியால் சமையல் வளர்ந்தது உண்மை. அதற்காகப் பசியைப் பாராட்டச் சொல்வது கயமை. அந்த அம்மையாரின் தாயார் கையில் ஒரு நாளேனும் தொடையைக் கொடுத்திருந்தால், அதையும் இதைவிடச் சிறப்பாகவே சமைத்திருப்பார்.

வியாபாரம் எப்படி என்று விசாரித்தோம். 2022 சூன் முதல் நாள் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்திய தட்டுப்பாட்டுக் காலத்தை அவர் நன்றாக நினைவு வைத்திருந்தார். 2023 நவம்பர் முதல் கோழிக்கு உச்சவரம்பு விலையும் உதவித்தொகையும் நீங்கியபின் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றார். முழுக் கோழிகளையே வாங்குகிறாராம். இறக்கை கடைக்கு, நெஞ்சு பேத்தியின் பள்ளிச் சோற்றுக்கு. தொடை?

“கடை விரிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒன்னு தின்னுடுவேன். இன்னொன்னு மருமகளுக்கு. மவன் வந்து எறக்கையத் தின்னட்டும், நல்லாத்தானே இருக்கு!”

மகன் அப்போது பின்புறம் நின்று எரிவாயுக் கலத்தை மாற்றிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்து நாணத்தோடு சிரித்தார். ஒன்பது மணிக்கு முன்பே சட்டி காலியாயிற்று. பிறகு வந்த இருவர் இரசத்தை மட்டும் வாங்கிக் குடித்துப் போயினர். நாம் இன்னும் நான்கு இறக்கைகளை இலையில் கட்டித் தரச் சொல்லலாம் என்றிருந்தோம். நமக்கு முன்னால் வரிசையில் நின்ற சிறுமி அந்நான்கையும் கேட்டுவிட்டாள்.